மூக்கரின் குடல்

நகரத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் மூக்கர். உணவு ஆய்வாளர் வேலை. கடைக்குள் நுழைந்தால் உட்கார மாட்டார், கொடுத்த தண்ணீரைத் தொட மாட்டார். வாசலில் நின்று ஒரு மூச்சு இழுப்பார். பிறகு நேராகப் போய், எந்தப் பெட்டிக்குப் பின்னால் எலி செத்துக் கிடக்கிறதோ அந்தப் பெட்டியை நகர்த்தச் சொல்வார். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயின் காறல், வெட்டுப்பலகை இடுக்கில் ஊறிப்போன இறைச்சியின் புளிப்பு, குளிர்பெட்டிக் கதவின் ரப்பர் ஓரத்தில் படரும் பூஞ்சை, எல்லாவற்றையும் அந்த மூக்கு தனித்தனியாகப் பிரித்துவிடும்.

இத்தனை வருஷம் அடுத்தவர் அடுக்களைகளைக் குடைந்ததில் அவருக்கு உலகமே குமட்டலாகிவிட்டது. விருந்துக்குக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்பார். வீட்டில் குழாயை முழங்கையால் திறப்பார். கழிப்பறையில் வேலை முடிந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டு, அது சுழன்று ஓய்ந்த பிறகுதான் கண்ணைத் திறப்பார். மனைவி முடிதிருத்தும் நிலையம் வைத்திருந்தாள். சாயங்காலம் அவள் வீட்டுக்கு வரும்போது உடை மடிப்பில் ஊரார் முடியெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும்.

"எதையும் தொட்டுடாத. நேரா போய்க் குளி" என்பார்.

"உங்களோட குடும்பம் நடத்துறதுக்கு நான் சோப்புக் கட்டியாப் பொறந்திருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவள் குளிக்கப் போவாள்.

வெளியில் அவர் வாய் வைத்த இடம் ஒன்றே ஒன்றுதான். அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த சந்தில், ஐந்தாறு மேசை போட்ட சின்னக் கடை. அதை நடத்திய அம்மாள் அவரைவிட மூத்தவள். எல்லாரும் அக்கா என்று கூப்பிட, அவரும் அக்கா என்றே கூப்பிட்டார். அவளுடைய அடுக்களையில் முதல் நாள் அவர் மூச்சை இழுத்தபோது வெந்த பருப்பும் ஈரமான கல்லும் மட்டும்தான் மணத்தன. சுவரில் தொங்கிய கரண்டிகளில் முகம் தெரிந்தது. அன்றிலிருந்து மதியச் சாப்பாடு அங்கேதான்.

காய்ச்சல் திருடன் மாதிரி வந்தது. சாயங்காலமானால் உடம்பு லேசாக நடுங்கும், விடிவதற்குள் தலையணை நனைந்துவிடும், பகலில் ஒன்றும் இருக்காது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். வாரங்கள் ஓடின. கால்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது.

"சார், பெல்ட்டுல புது ஓட்டை போட்டிருக்கீங்க போல" என்றார் அலுவலக ஜீப் ஓட்டுநர்.

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டுய்யா."

ஒருநாள் ரொட்டிக் கடை ஒன்றின் மாவுக் கிடங்குக்கு மாடி ஏறும்போது பாதிப் படியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. படியோரம் அடுக்கியிருந்த மாவு மூட்டைகளின் மேல் சரிந்தார். அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது அந்தக் கடைக்காரர்தான். அபராதம் தப்பித்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது என்று ஓட்டுநர் பின்னால் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் மாற்றி மாற்றி ரத்தம் எடுத்து, கிருமி இருந்தால் வளரட்டும் என்று குப்பிகளில் போட்டு வைத்தார்கள். இதயத்தைப் படம் எடுத்தார்கள். தொற்றுநோய் மருத்துவர் ஓர் இளம்பெண். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் பேசினாள்.

"சார், உங்க ரத்தத்துல ஒரு கிருமி வளந்திருக்கு. அது இதய வால்வுல போய் ஒட்டி, சின்னதா ஒரு மொட்டு மாதிரி வளத்து வச்சிருக்கு. காய்ச்சலுக்குக் காரணம் அதுதான். நல்ல மருந்து இருக்கு. ஆனா சில வாரம் தினமும் ஊசி போடணும்."

"எந்தக் கடையிலேர்ந்து வந்திருக்கும்?" என்றார். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"கடையில இருந்து இல்ல சார். இது குடல்ல குடியிருக்கிற கிருமி. பல பேரோட குடல்ல அது பாட்டுக்கு இருக்கும், ஒரு தொந்தரவும் பண்ணாது. அது ரத்தத்துக்குள்ள வந்திருக்குன்னா, குடல் சுவர்ல எங்கயோ அதுக்கு வழி கெடச்சிருக்கலாம். சில பேருக்கு அந்த வழி ஒரு கட்டியா இருக்கும். அதனாலதான் இந்தக் கிருமி ரத்தத்துல இருந்தா, பெருங்குடலையும் குழாய் விட்டுப் பாத்துடணும்னு சொல்றோம்."

"கட்டின்னா?"

"சாதாரண சதை வளர்ச்சியா இருக்கலாம். புற்றாவும் இருக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் போகலாம். பாத்தாத்தான் தெரியும். உங்களுக்கு மலத்துல ரத்தம் கித்தம் போகுதா?"

"நான் பாக்குறதில்ல."

"சமீபத்துல பாக்கலியா?"

"எப்பவுமே பாக்குறதில்ல."

அவள் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டாள். பிறகு, "சரி, நாம பாத்துடலாம்" என்றாள்.

அவள் போனபின் அவர் தன் முழங்கையின் உள்பக்கத்தை உற்றுப் பார்த்தார். நீல நரம்பு துடித்தது. மலம் தேங்குகிற இடத்து ஜந்து அதற்குள் நீந்திக்கொண்டிருக்கிறது. நெஞ்சுக்குள் போய்க் கூடு கட்டியிருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு துடிப்புக்கும் கண்ணுக்கு, நாக்குக்கு, மூளைக்கு என்று பரவுகிறது. சாக்கடை உடைந்து குடிதண்ணீர்க் குழாயில் கலந்தால் தெரு முழுக்கக் குழாயை மூடச் சொல்வார். இங்கே எதை மூடுவது? வாயில் ஊறிய எச்சிலை விழுங்கப் பிடிக்காமல் கட்டிலடித் தட்டில் துப்பித் துப்பி உதடு வறண்டது. தோலை உரித்து, உடம்பை உள்வெளியாகத் திருப்பி, கொதிநீரில் போட்டுத் தேய்க்க வேண்டும் போலிருந்தது.

குழாய்ச் சோதனைக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். மருத்துவர் இரண்டு தடவை வந்து பேசினாள், மனைவி அழுதாள், ஒன்றும் நடக்கவில்லை. காய்ச்சல் விட்டது. கையில் சின்னக் குழாயைப் பொருத்தி, மிச்ச ஊசியைத் தினமும் வந்து போட்டுக்கொள்ளச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். "மனசு மாறினா உடனே சொல்லுங்க சார்" என்றாள் மருத்துவர். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டில் படுத்துக்கொண்டு யோசித்தார். உள்ளேயிருந்து வந்தது என்பது மருத்துவர்கள் கட்டும் கதை. அழுக்கு வெளியேயிருந்துதான் வரும். இத்தனை வருஷ அனுபவம் அதைத்தான் சொன்னது. வெளியே அவர் சாப்பிட்டது ஒரே இடம். யோசிக்க யோசிக்க அக்காவின் பளபளப்பான கரண்டிகளே சந்தேகத்தைக் கிளப்பின. எதையோ மறைக்கத்தானே ஒருத்தி அப்படித் தேய்ப்பாள்?

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, சட்டைக் கைக்குள் ஊசிக் குழாயோடு, சந்துக்குப் போனார். மதியக் கூட்டம் நிரம்பி வழிந்தது.

"வாங்க சார்! உடம்பு எப்படி இருக்கு? இப்படி எளச்சுப் போயிட்டீங்களே" என்று அக்கா தட்டை எடுத்தாள்.

"சாப்பிட வரல."

அடுக்களையைக் கலைத்துப் போட்டார். தொட்டிக்குக் கீழே விரலளவு உடைந்த ஒரு தரை ஓடு அகப்பட்டது. அது போதும். வெட்டுப்பலகையில், துடைக்கும் துணியில், தண்ணீர்ப் பானையில் எல்லாம் மாதிரி எடுத்துக் குப்பியில் அடைத்தார். பிறகு, "கையை நீட்டுங்க" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். அக்கா இரண்டு கையையும் நீட்டினாள். பஞ்சுக் குச்சியால் அவள் விரலிடுக்குகளையும் நகக்கண்களையும் துடைத்தார்.

"இந்தக் கையாலதான் சார் இத்தனை நாளும் சாப்பிட்டீங்க" என்றாள் அவள்.

"அதனாலதான்."

எல்லாரையும் வெளியே அனுப்பினார். அடுப்பில் இருந்ததை எடுத்து வைத்துவிட்டு வருகிறேன் என்று அவள் கெஞ்சியதற்கு, ஒரு பொருளையும் தொடக்கூடாது, முடிவு வரும்வரை எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றார். மின்சாரத்தை நிறுத்தி, கதவை இழுத்துப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார். பல வாரத்துக்குப் பிறகு அன்றுதான் தன் உடம்பு கொஞ்சம் சுத்தமானது போல அவருக்கு இருந்தது. ஜீப்பில் ஓட்டுநர் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார்.

ஊசிக் கணக்கு முடிந்து கையிலிருந்த குழாயை எடுத்த வாரம், மாதிரிகளைச் சோதித்த ஆய்வுக்கூடத்திலிருந்து மூத்த அம்மா ஒருவர் போன் செய்தார்.

"எல்லாம் சுத்தம் சார். அந்தம்மா கை என் கையைவிடச் சுத்தமா இருக்கு. அப்புறம், ஒரு கிருமி பேர் எழுதி அதையும் தேடச் சொல்லியிருந்தீங்களே, சாப்பாடு கெட்டு வர்ற கிருமி இல்லையே சார் அது. எதுக்குத் தேடச் சொன்னீங்க?"

"சும்மா" என்று போனை வைத்தார். காது சுட்டது.

அன்று மதியமே முத்திரையை உடைக்கப் போனார். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். சொல்லி அனுப்பியதில் அக்கா வந்து சந்தில் நின்றாள், முகம் கொடுக்கவில்லை. பூட்டைத் திறந்ததும் கதவைத் தானே தள்ளிக்கொண்டு வந்த மாதிரி ஒரு நாற்றம் வந்து அவர் மேல் மோதியது.

வெயில் காலம். பருப்புப் பானையில் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்து உப்பி, நடுவில் வெடித்து, நுரை விளிம்பு வழியாக அடுப்பில் வடிந்து காய்ந்திருந்தது. இறைச்சிச் சட்டி மூடி லேசாக அசைந்தது. அசைவது மூடி இல்லை, அதன் ஓரம் முழுக்க மொய்த்த புழுக்கள். குளிர்பெட்டியின் அடியிலிருந்து பழுப்பாக ஒரு நீர் கசிந்து, அவள் தேய்த்துத் தேய்த்து வெளுத்த தரைக்கல்லின் நடுவே பாதை போட்டிருந்தது. ஈக்கள் முகத்தில் வந்து இடித்தன. ஒன்று உதட்டில் உட்கார்ந்தது. எத்தனையோ அடுக்களைகளைப் பார்த்த மனிதருக்கு இப்படியொன்றைப் பார்த்த ஞாபகம் இல்லை. இரண்டடிதான் வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே, அந்தத் தரையிலேயே வாந்தியெடுத்தார்.

அக்கா மூக்கைக்கூட மூடவில்லை. எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அக்கா, நான் ஆள் விட்டுச் சுத்தம் பண்ணித் தரேன்."

"வேணாம் சார்."

"என்மேலதான் தப்பு. நானே கழுவித் தரேன்."

"நீங்க தொடாதீங்க" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "என் அடுக்களையில நீங்க எதையும் தொடாதீங்க. போயிடுங்க."

அவர் போனார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். நாலு தடவை சோப்புப் போட்டும் நாற்றம் போகவில்லை. தோளைத் தேய்த்த தேய்ப்பில் தோல் கன்றிவிட்டது. மனைவி வந்தபோது ஈரத் துண்டோடு தரையில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னார். அவள் குளிக்கப் போகாமல், மற்றவர் முடி ஒட்டிய உடையோடேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் நகரவில்லை.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா? ஒரு கடைக்காரன், 'சார் அந்த மூடியை மட்டும் தொறக்காதீங்க, எனக்கு அருவருப்பா இருக்கு'ன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"தொறந்துதான் பாப்பேன்."

"அப்ப அந்த டாக்டர் பொண்ணும் பாக்கட்டும். போன் போடவா?"

அவர் ஈரத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் போன் போட்டாள்.

சோதனைக்கு முந்தின நாள் மதியத்திலிருந்து குடலைக் கழுவும் மருந்தைக் குடிக்க வேண்டும். எலுமிச்சை வாசனை என்று மேலே எழுதியிருந்தது. யாரோ உப்பிட்ட சளியில் எலுமிச்சையைத் துடைத்து எடுத்தது போல் இருந்தது அது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கோப்பையாக இறக்கினார். பிறகு கழிப்பறையே வீடாகிவிட்டது. கடைசியில் வருவது தண்ணீராகத் தெளிய வேண்டும், பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே பார்த்தார். முதலில் கலங்கல், பிறகு மஞ்சள், பிறகு அந்த மஞ்சளில் கருஞ்சிவப்பாக ஒரு நூல் மிதந்தது. கதவைத் திறக்காமலே மனைவியைக் கூப்பிட்டார்.

"என்னங்க?"

"ரத்தம் இருக்கு."

"இன்னிக்குத்தான் வருதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். சொல்லும்போதே தன்மேல் வந்த அருவருப்பில் நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை, பின்பக்கம் கிழிந்த மாதிரி தைத்த ஓர் அங்கியில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். மயக்கம் முழுசாக வரவில்லையா, வந்து கலைந்ததா தெரியாது, திரை மட்டும் கண்ணில் பட்டது. ஈரமான இளஞ்சிவப்புக் குகை. குழாயின் ஒளி பட்டு அது மடிப்பு மடிப்பாக விலகிப் போனது. அழகாகக்கூட இருந்தது. திரும்பும் இடத்தில் அது இருந்தது. ஆறாத புண் போல, காலிஃபிளவர் அழுகினால் ஆகும் நிறத்தில், பாதி வழியை அடைத்துக்கொண்டு ஒரு சதைக் கொத்து. தொட்டதும் ரத்தம் கசிந்தது. அந்த அறையில் எவரும் முகம் சுளிக்கவில்லை. குழாயைப் பிடித்திருந்தவர் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்தார். மூக்கர் கண்ணை மூடவில்லை. அதை வெறுப்போடு, விடாமல் பார்த்தார்.

புற்றுதான் என்று முடிவு வந்தது. மலக்குடலுக்குக் கொஞ்சம் மேலே. அடுத்த வாரமே அறுவை. கட்டியையும் சுற்றியிருந்த குடலையும் வெட்டி எடுத்து, இரு முனையையும் சேர்த்துத் தைத்து, தையல் ஆறும்வரை சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்து வைத்தார்கள். அதன் வாயில் மலம் சேர ஒரு பை. கண் விழித்துப் பார்த்தபோது தன் வயிற்றின் மேல் சிவப்பாக, ஈரமாக, உயிரோடு ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பிக்கொண்டார்.

மருத்துவர் வந்து உட்கார்ந்தாள். "சுவர்ல ஆழமாப் போயிருக்கு. ஆனா நெணநீர்க் கட்டிகளுக்குப் பரவல. வால்வும் ஆறியிருக்கு, லேசாக் கசியுது, பாத்துக்கலாம். அந்தக் காய்ச்சல் வரலன்னா இதைக் கண்டுபிடிக்க இன்னும் ரொம்ப நாள் ஆயிருக்கும் சார்."

"அப்ப அந்தக் கிருமிக்கு நான் கும்பிடு போடணுமா?"

"போட வேணாம். அது ஒண்ணும் உங்களுக்காகப் பண்ணல" என்று அவள் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்த முதல் காலை பை நிரம்பிவிட்டது. அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். தொட மனம் வரவில்லை. மனைவி, நான் செய்கிறேன் என்று வந்தாள். ஊரார் தலையில் பேன் பார்த்தவள், பொடுகைச் சுரண்டியவள், ஒன்றுக்கும் அசராதவள். பையைப் பிரித்ததும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு கூழ் அவள் மணிக்கட்டில் வழிந்தது. புளித்த, சூடான வாடை. அவள் முகம் வெளுத்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். குளியலறையில் அவள் ஓங்கரிப்பது கேட்டது.

அவர் திறந்த வயிற்றோடு, கையால் துணியை அமுக்கிக்கொண்டு காத்திருந்தார். இனி இவள் இந்த அறைக்குள் வர மாட்டாள் என்று நினைத்தார். தான் அப்படித்தான் செய்திருப்பேன் என்றும் நினைத்தார்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். கண்ணில் நீர் நின்றது.

"அருவருப்பா இருக்கா?" என்றார்.

"ஆமா, ரொம்ப. நாறுது. பொய் சொல்லணுமா?"

"வேணாம்."

"அந்தத் துணியை எடுங்க. சீக்கிரம், அது மறுபடி ஆரம்பிக்கிறதுக்குள்ள."

அது அந்த நொடியில் மறுபடி ஆரம்பித்தது. பீய்ச்சிய பீய்ச்சலில் புது விரிப்பு, அவள் முன்கை, அவர் தாடை ஒன்றும் தப்பவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் அவள்தான் சிரித்தாள். அவர் சிரிக்கக் கூடாது, தையல் இழுத்தது. "சிரிக்க வைக்காத, வலிக்குது" என்று கத்திக்கொண்டே சிரித்தார். பிறகு மறுபடியும் இருவருக்கும் குமட்டியது.

நடந்ததை மேலதிகாரியிடம் அவரே போய்ச் சொன்னார். அவர் கையிலிருந்த முத்திரை வைக்கும் அதிகாரத்தை எடுத்துவிட்டு, தண்ணீர் சோதிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அக்காவின் கடை திறந்து கூட்டமும் திரும்பிவிட்டது என்று ஓட்டுநர் வந்து சொன்னார். அவர் எப்படி இருக்கிறார் என்று அக்கா கேட்டாளாம். அவரை வரச் சொல்லவில்லை. அவரும் போகவில்லை. மதியத்துக்கு மனைவி கட்டிக் கொடுத்ததைச் சாப்பிடுகிறார்.

பையை எடுக்கும் அறுவைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை காலையில் அவரே மாற்றிக்கொள்கிறார். இன்னமும் குமட்டத்தான் செய்கிறது. மூக்கைப் பிடித்துக்கொள்ள வழியில்லை. அந்த வேலைக்கு இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.